சாட்சிக் கூண்டில் ஏற யார் தயார்?

(ஆரணியில் 'இராமையாவின் குடிசை' ஆவணப்படம் திரையிடப்பட்ட பின், இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

கொலை வழக்குகளைப் பற்றிய படங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கைபேசியிலும் ஓடுகின்றன. இரவு 12 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, போர்வைக்குள் கிடந்தபடி அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம் என்று பார்க்கிறார்கள். கொலை செய்தவன் யார், எப்படி மாட்டினான் என்று தெரிந்ததும் தூங்கிவிடுகிறார்கள். செத்தவன் யார் என்பது காலையில் நினைவிருப்பதில்லை.

நீங்கள் இப்போது பார்த்தது அந்த வகைப் படம் அல்ல. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த இந்தப் படத்தில் கொலையாளி யார் என்ற புதிரே கிடையாது. இங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. ஊரே அறிந்த ஒரு குற்றம் நீதிமன்றத்துக்குப் போய் எப்படி ஒன்றுமில்லாமல் ஆனது? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னோம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்த ஓர் இரவு

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், நாகப்பட்டினத்தை ஒட்டிய கீழ்வெண்மணி. பின்னாளில், 1991இல், நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று நம் தலைவரின் பெயரோடு பிரிக்கப்பட்டதே, அந்த மண்.

சோழ நாட்டின் நெற்களஞ்சியம் அது. ஆனால் விளைவித்தவன் வயிறு நிறையவில்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த விவசாயக் கூலிகள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். எவ்வளவு? அரைப்படி நெல். நிலச்சுவான்தார்கள் 'நெல் உற்பத்தியாளர் சங்கம்' என்று ஓர் அமைப்பை வைத்திருந்தார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று மிரட்டல் வந்தது. கூலிகள் பணியவில்லை.

அன்றிரவு அடியாட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்த ஆண்கள் வயல்வெளியில் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் இராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் ஒருவர்மேல் ஒருவராக ஒண்டிக்கொண்டார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 உயிர்கள் கருகின. அரைப்படி நெல்லுக்கு 44 உயிர்கள்!

அண்ணா அவர்கள் முதலமைச்சராக இருந்த காலம் அது. நாடே அதிர்ந்தது. கூலிப் பிரச்சினையை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி கேட்டது நியாயம்தான் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்றுதானே இதற்குப் பொருள்? கேட்டவர்கள்தான் உயிரோடு இல்லை.

வழக்கு என்ன ஆனது?

அன்றிரவு நிலச்சுவான்தார் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டார். அதற்காகத் தொழிலாளர்கள் மீது தனி வழக்கு. அந்த வழக்கில் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கொலை கொலைதான், அதற்கு விசாரணையும் தண்டனையும் இருப்பதை நாம் குறை சொல்லவில்லை.

44 பேர் எரிந்த வழக்கைப் பாருங்கள். 1970இல் நாகை செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 1973இல் அனைவரும் விடுதலை!

அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு காரணம் இன்றுவரை பேசப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் பணக்காரர்கள், நிலபுலன் உள்ளவர்கள், சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. கண்ணால் கண்ட ஏழைகளின் சாட்சியம் எடுபடவில்லை. வசதி படைத்தவன் என்பதே அவனுக்குச் சாட்சியாகிவிட்டது.

பிறகு என்ன நடந்தது? 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சிலர் அரிவாளில் தேடினார்கள். அதை நாம் ஆதரிக்க முடியாது. ஆனால் நீதியின் வாசல் மூடப்பட்டால் பழியின் வாசல் திறக்கும் என்பதற்கு இது பாடம். சட்டத்தின்மீது மக்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் என்று மேடையில் பேசினால் போதாது. நம்பும்படி வழக்குகள் முடிய வேண்டும்.

நம் கடையில் என்ன நடக்கிறது?

வணிகப் பெருமக்களே! உங்களை ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது.

"கார் வைத்திருப்பவர் இப்படிச் செய்வாரா?" என்ற நினைப்பு நீதிமன்றத்தில் மட்டும்தான் இருக்கிறதா? கடையில் பணம் குறைந்தால் முதலில் யார் பையைச் சோதிக்கிறோம்? நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் பையை! முதலாளியின் மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் அவர்மேல் நம் கண் போகாது. சேலையில் குறை என்றால் தறிக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறோமா, அல்லது கூலியில் பிடித்துக்கொண்டு அனுப்பிவிடுகிறோமா? ஏழை சொல்லுக்கு எடை குறைவு என்ற தராசை நாமும் வைத்திருக்கிறோம். அந்தத் தராசு நம் பேட்டையில் இருந்தால் ஒரு கூலியின் மனம் வாடும். நீதிமன்றத்துக்குப் போனால் 44 உயிர்களின் வழக்கு தோற்கும்.

ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடு பெற்ற பட்டு நம் பட்டு. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது தறிக்குழியில் கால் வைத்திருப்பவர்கள்தான். அரைப்படி நெல்லின் கதையைக் கேட்டு உச்சுக் கொட்டிவிட்டு, நாளை காலை கூலிக் கணக்கில் கையை இறுக்கினால் இந்தப் படத்தைப் பார்த்ததில் பயனில்லை.

சாட்சி நின்றால் வழக்கு நிற்கும்

சாட்சி சொல்லி என்ன ஆகப்போகிறது, பணம்தான் ஜெயிக்கும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை என்பதற்கும் உதாரணங்கள் உண்டு.

1. 2002 மார்ச் 1ஆம் தேதி, குஜராத்தின் வதோதராவில் பெஸ்ட் பேக்கரி தீக்கிரையாக்கப்பட்டு 14 பேர் கொல்லப்பட்டார்கள். 2003இல் விரைவு நீதிமன்றம் 21 பேரையும் விடுதலை செய்தது. காரணம், சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வழக்கை மகாராஷ்டிராவுக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006இல் மும்பையில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை. மாறி மாறிப் பேசிய முக்கிய சாட்சிக்கும் ஓராண்டு சிறை! 2012இல் மும்பை உயர்நீதிமன்றம் 5 பேரை விடுவித்து, 4 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அப்போது எவர் சாட்சியம் நின்றது தெரியுமா? பேக்கரியில் வேலை பார்த்து, காயம்பட்டு உயிர் தப்பிய கூலித் தொழிலாளர்களின் சாட்சியம். வெண்மணியில் எடுபடாத கூலியின் சொல் மும்பையில் எடுபட்டது.

2. நம் மாநிலத்துக்கு வருவோம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் இருந்து கோகுல்ராஜ் என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவர் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை போல் தோற்றம் உண்டாக்கப்பட்டிருந்தது. முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். வழக்கு விழுந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது உயர்நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்று பார்த்தார்கள். 2023இல் யுவராஜின் தண்டனை உறுதியானது.

3. 2020 ஜூனில் சாத்தான்குளம். கைபேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனுமான ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். வணிகர்களான உங்களுக்கு அந்தப் பெயர்கள் மறந்திருக்காது. காவல் நிலையத்துக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். கேமரா கைவிட்டது. அப்போது அதே காவல் நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி என்ற சகோதரி, கண்டதைக் கண்டபடி நடுவரிடம் சொன்னார். உடன் வேலை செய்பவர்களுக்கு எதிராக, மேலதிகாரிகளுக்கு எதிராக! அந்தச் சகோதரிக்கு இருந்த துணிவில் பாதி நமக்கு இருந்தால் போதும்.

பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார். கவனிக்காமல் ஓட்டினால் சேலை முழுக்க அந்தக் கோடு விழும். வழக்கும் அப்படித்தான். ஒரு சாட்சி அறுந்தால் இன்னொரு சாட்சி வந்து முடிச்சுப் போட வேண்டும். 'நமக்கேன் வம்பு' என்று எல்லோரும் ஒதுங்கினால் கோடு விழத்தான் செய்யும்.

கைபேசியும் கொலை செய்யும்

இளைஞர்களே! வெண்மணி தொலைவில் இருக்கிறது, 1968 பழைய காலம் என்று எண்ண வேண்டாம். நம் மாவட்டத்தில், போளூர் பக்கம் அத்திமூரில், 2018 மே 9ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது! பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று கூட்டம் திரண்டது. அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பல வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் அந்தக் கைகளில் கட்டையைக் கொடுத்தது. அடித்ததையும் படம் பிடித்து அனுப்பினார்கள்.

அந்த வதந்தியை முதலில் எழுதியவன் யாரோ. ஆனால் அதை அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணத்தில் அனுப்பியவர்கள்தான் அதிகம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் பாடம். அதைக் கற்ற நம் கைபேசியில் இருந்து அப்படியொரு செய்தி போயிருந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

2023இல் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரப்பப்பட்டன. எங்கோ எடுத்த படம், எப்போதோ நடந்த சம்பவம். அதை நம்பி எத்தனை பேர் ஊருக்கு ரயில் ஏறினார்கள்! இன்று பிள்ளை பிடிப்பவன் என்று மொழி தெரியாதவனைச் சந்தேகிக்கும் கூட்டம், நாளை தாடி வைத்தவனைச் சந்தேகிக்கும். நாட்டின் பல பகுதிகளில் மாட்டின் பெயரால் அது நடந்திருப்பதை நாம் அறிவோம். கும்பல் நீதியின் கொடுமையை அறிந்த நாம், எவருக்கு எதிராகவும் கும்பலாகக் கூடாது.

சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின்படி, 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் ஒருவரைக் கொன்றால், அதில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு. 'நான் ஒரே ஓர் அடிதான் அடித்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

படம் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

இன்னொரு எச்சரிக்கை. ஆவணப்படங்களால் நன்மை உண்டு. அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரரின் கொலைக்காக மரண தண்டனை பெற்று, பின் ஆயுள் கைதியாக இருந்த ராண்டல் ஆடம்ஸ் என்பவர் நிரபராதி என்பதை, எரால் மோரிஸ் 1988இல் எடுத்த ஆவணப்படம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1989இல் அவர் விடுதலையானார். 12 ஆண்டுகளுக்கு மேல் செய்யாத குற்றத்துக்குச் சிறை!

ஆனால் எல்லாப் படங்களும் அப்படி அல்ல. பரபரப்பான இசையைப் போட்டு, ஒருவன் முகத்தை இருட்டில் காட்டி, வழக்கு முடியும் முன்பே அவனைக் கொலைகாரனாக்கும் படங்களும் வருகின்றன. குண்டுவெடிப்பு வழக்குகளில் நம் இளைஞர்களின் படங்களைப் போட்டுப் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதியபோது நமக்கு வலித்ததே! பல ஆண்டுகள் சிறையில் கழித்து நிரபராதிகள் என்று வெளியே வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோமே! அந்த வலி தெரிந்தவர்கள் பிறர் விஷயத்தில் அவசரப்படலாமா? படம் பாருங்கள். கேள்வி கேளுங்கள். தீர்ப்பை ஆதாரத்துக்கு விடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பேசிவிட்டுக் கலைவதற்காக நாம் கூடவில்லை. செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

வணிகர்களுக்கு: உங்கள் கடை வாசல் கேமரா திருடனைப் பிடிக்க மட்டும் அல்ல. தெருவில் ஒரு கொலையோ, விபத்தோ, தாக்குதலோ நடந்தால் அதுவும் ஒரு சாட்சி. சில வாரங்களில் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும். சம்பவம் நடந்த அன்றே அந்தப் பகுதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், குழுக்களில் பரப்பாதீர்கள். விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். மின்னணுப் பதிவுகளோடு சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தாள் இல்லாமல் நல்ல ஆதாரமும் வீணாகலாம்.

இளைஞர்களுக்கு: சம்பவத்தைப் படம் பிடித்தால் முதலில் 112க்கோ 108க்கோ தகவல் சொல்லுங்கள், பிறகு அந்தப் பதிவைக் காவல்துறையிடம் கொடுங்கள். செத்தவர் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். அவருக்கும் தாய் இருக்கிறார். வதந்தி வந்தால் அதை உங்கள் கையோடு நிறுத்துங்கள்.

எல்லோருக்கும்: கண்டதைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் ஒதுங்காதீர்கள். பயம் இருக்கிறதா? நியாயமான பயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்து, அது நாடு முழுவதும் சட்டமாகப் பின்பற்றப்பட வேண்டும் என்றது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்துப் பாதுகாப்புக் கேட்கலாம். பின்னால் மிரட்டல் வரும் என்று தோன்றினால், தொடக்கத்திலேயே நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிவாகக் கேட்கலாம்.

பயத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கடையைப் பூட்டிவிட்டு வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு யார் அலைவது? இதைத் தனி மனிதன் தலையில் போட்டால் அவன் பின்வாங்கத்தான் செய்வான். நம் ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் அமைப்பும் சேர்ந்து தோள் கொடுக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யட்டும். சாட்சி சொல்லப் போகிறவரோடு இரண்டு பேர் நீதிமன்றம் வரை போகட்டும். அன்றைக்கு அவர் கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். கூலிக்காரர் என்றால் அன்றையக் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சாட்சி நிற்பார்.

கடைசியாக ஒன்று. கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். குற்றம் செய்தவன் நம் ஆளாக, நம் உறவாக, நம் தெருக்காரனாக இருந்தால் என்ன செய்வோம்? நமக்கு அநீதி நடந்தால் ஊர்வலம் போகிறோம். நம்மவன் அநீதி செய்தால் சமாதானம் பேச ஓடுகிறோம், சாட்சியை அழைத்து 'விட்டுவிடப்பா' என்கிறோம். நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்காகச் சாட்சி சொல்லும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. பிறருக்கு எதிராகச் சாட்சி சொல்வது எளிது. நம்மவருக்கு எதிராகச் சொல்லும்போதுதான் நம் சொல்லுக்கு ஊரில் மதிப்பு வரும். அந்த மதிப்பு இருந்தால்தான் நாளை நமக்கொரு அநீதி நேரும்போது நம் சாட்சியத்தை நாடு நம்பும்.

வெண்மணியில் கண்டவர்கள் கண்டதைச் சொன்னார்கள். உயிருக்கு அஞ்சாமல், ஆண்டைகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நாடுதான் அவர்களை நம்பவில்லை. அவர்களிடம் நிலமில்லை, காரில்லை, கேமராவில்லை, துணைக்கு வழக்கறிஞரை அனுப்ப ஒரு வணிகர் சங்கமில்லை. நம்மிடம் இவற்றில் பாதியாவது இருக்கிறது. இனி நாம் சாட்சிக்கு அஞ்சினால் அதற்குச் சொல்லக் காரணம் எதுவும் கிடையாது.

ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர் சங்கப் பொறுப்பாளர்களும் இங்கேயே இருக்கிறீர்கள். சாட்சிகளுக்குத் துணை நிற்க ஒரு சிறு குழுவை, கலைந்து போகும் முன்பே பெயர் எழுதி அமையுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.